துக்கம் பேசட்டும்



சாவு விழுந்த வீட்டில் நாம் தவறாமல் சொல்லும் சொல் "அழாதீர்கள்" என்பது. நல்லெண்ணத்தோடுதான் சொல்லுகிறோம். ஆயினும் முப்பதாம் நாள் பூசை முடிந்து உறவினர் கலைந்தபின், இறந்தவரின் பெயரையே எடுக்காத வீடாக அது மாறிவிடுகிறது. பெயரைச் சொன்னால் அம்மா அழுவாள் என்று பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. பிள்ளைகள் கலங்குவார்கள் என்று அம்மாவும் திறப்பதில்லை.

ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் என்னும் ஓவியர் வாழ்ந்தார். கணவர் கார்ல், பெர்லினில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். 1914-இல் முதல் உலகப்போர் மூண்டபோது இளைய மகன் பீட்டர் படையில் சேரத் துடித்தான். வயது போதாமையால் தந்தையின் சம்மதம் தேவைப்பட்டது. தயங்கிய தந்தையிடம் மகனுக்காகப் பரிந்து பேசியவர் தாயே. அவ்வாண்டு அக்டோபரில் பீட்டர் பெல்ஜியத்தில் மாண்டான். அவனுக்கு வயது 18.

நாமே அனுப்பிவைத்தோமே என்னும் முள்ளும் சேர்ந்து தைத்தது. அந்தத் துயரத்தை அவர் விழுங்கிக்கொள்ளவில்லை. நாட்குறிப்பில் மகனைப்பற்றி எழுதி எழுதித் தீர்த்தார். அவனுக்கொரு நினைவுச் சின்னம் வடிக்கவும் தொடங்கினார். முதலில் மகனின் உருவத்தையே வடிக்க முயன்று, நிறைவு காணாமல் 1919-இல் கைவிட்டார். பின்னர் மீண்டும் தொடங்கி 1932-இல் முடித்தார். மகன் வாழ்ந்ததும் அத்தனை ஆண்டுகளே!

முடிந்த சிற்பத்தில் மகன் இல்லை. தாயும் தந்தையும் தனித்தனிப் பீடங்களில் முழந்தாளிட்டிருக்கின்றனர். தந்தை கைகளை மார்போடு இறுகக் கட்டி நிமிர்ந்திருக்கிறார். தாய் தலைகுனிந்து ஒடுங்கியிருக்கிறாள். இன்றும் பெல்ஜியத்தில் விளாட்ஸ்லோ என்னும் ஊரிலுள்ள போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் அவர்களைக் காணலாம்.

நம் வீடுகளிலும் இப்படித்தானே? தாய் அழுகிறாள், தந்தையோ விடியுமுன் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். அவருக்கு வருத்தமே இல்லை என்று அவள் எண்ணிக்கொள்கிறாள். இருவரையும் ஒருமுறை உட்கார்த்திப் பேசவைக்க ஓர் அண்ணனோ சித்தியோ முன்வரலாகாதா?

சித்திரம் வரைவதை மனப்புண்ணுக்கு மருந்தாக்கி, 1942-இல் அதற்குக் 'கலைச் சிகிச்சை' என்று பெயரிட்டவர் ஏட்ரியன் ஹில் என்னும் ஆங்கிலேய ஓவியர். காசநோயால் மருத்துவமனையில் கிடந்தபோது தாமே வரைந்து பயன் கண்டவர் அவர். இதற்குப் படம் அழகாயிருக்க வேண்டியதில்லை. தந்தையை இழந்த குழந்தை தாள் முழுவதும் கறுப்பாகக் கிறுக்கினால் கண்டிக்காதீர்கள், "இது என்னடா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, பொறுமையாக அது சொல்வதைக் கேளுங்கள். நம் பாட்டிமாரின் ஒப்பாரியில் பேச்சும் பாட்டும் ஒன்றாகவே இருந்தன. அதை நாகரிகக் குறைவென்று நாம் ஒதுக்கியது எனக்கு உடன்பாடன்று.

மாதங்கள் பல கடந்தும் ஒருவர் உண்ணாமல், உறங்காமல், வாழ்வே வேண்டாமென்று இருப்பாராயின், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள். உடன் ஒருவர் போவது நல்லது.