உடல் கிடைக்காத துக்கம்
இறந்தவரை வழியனுப்பச் சடங்கு உண்டு. காணாமல் போனவருக்கு அது எளிதில் வாய்ப்பதில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நிக்கோபார் தீவுகளில் பறிபோனவர்களில் பெரும்பாலோரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. மிகக் கொடுமையாக அடிபட்டது கச்சால். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தீவு அது. அதே தீவுக்கூட்டத்தில் உள்ள கார் நிக்கோபாரின் பழைய மரபில், புதைக்கப்பட்டவரின் எலும்புகளைச் சில ஆண்டுகள் கழித்துத் தோண்டியெடுத்து, பன்றிகளை அறுத்து ஊர்கூடி விருந்து வைப்பார்கள். துக்கம் அங்கே நிறைவு பெறும். எடுக்க எலும்பே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ஏழாண்டு தகவல் இல்லாதவரே இறந்தவராகக் கருதப்படுவார் என்ற சட்ட விதியைத் தளர்த்தி, சுனாமிக்குப் பின் அரசு விரைவாக இறப்புச் சான்றிதழ் வழங்கியது. நிவாரணம் பெற அந்தக் காகிதம் தேவைதான். மனத்துக்கு அது போதாது. வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ், இத்தகைய துயரை முடித்துவைக்க முயல்வதே தவறு என்கிறார். வரலாம், வராமலும் போகலாம் என்ற இரண்டையும் ஒருசேரச் சுமந்தபடி வாழப் பழகுவதே அவர் காட்டும் வழி. இன்னும் காத்திருக்கும் ஒருவரிடம் மறந்துவிடச் சொல்லாதீர்கள். போனவரின் பெயரைச் சொல்லிப் பேச இடம் கொடுங்கள்.