பழைய புல்லட்டுக்கு எந்த எஞ்சின்?

அத்திப்பட்டிலிருந்து இளைஞர் ஒருவர் நீண்ட மடல் வரைந்துள்ளார். மர்ஹூம் ஆகிவிட்ட தம் வாப்பாவின் 350 சி.சி. புல்லட் பல்லாண்டுகளாக முற்றத்தில் நிற்கிறதாம். அதனைப் புதுப்பித்து நாள்தோறும் வேலைக்கு ஓட்டிச்செல்ல விரும்புகிறார். செலவு செய்வதென்று ஆனபின் 500 சி.சி. எஞ்சினையே பொருத்திவிடலாமே என்பது நண்பர்களின் யோசனை. அன்னையாருக்கோ அதில் சம்மதமில்லை.

கணக்குப் பார்த்தால் நாமும் அன்னையார் பக்கமே நிற்க வேண்டியுள்ளது.

திருவொற்றியூர் ஆலையில் உருவான பழைய புல்லட்டுகளில், 350 ஆயினும் 500 ஆயினும், பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மி.மீ.தான். சிலிண்டரின் உள்விட்டம் மட்டும் முன்னதில் 70, பின்னதில் 84 மி.மீ. அதனாலேயே ஒன்று 346 சி.சி.யாகவும் மற்றது 499 சி.சி.யாகவும் அமைகின்றன. கொள்ளளவு ஏறத்தாழ 44 விழுக்காடு கூடுகிறது. குதிரைத்திறனோ 18-லிருந்து 22 வரையே உயர்கிறது. பெரிய எஞ்சினின் மெய்யான ஆதாயம் அதன் இழுவை. இருவராக ஏறி, சுமையும் வைத்து, நெடுஞ்சாலையில் தொலைதூரம் செல்வோர்க்கு அது பேருதவி என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், அத்திப்பட்டிலிருந்து மீஞ்சூருக்கோ எண்ணூருக்கோ மணலிக்கோ போகிறவர் காணும் சாலை வேறு. அனல்மின் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் செல்லும் கனரக லாரிகளின் இடையே, கன்டெய்னர் வரிசையின் ஓரமாக, கீழ் கியர்களிலேயே பாதிப் பயணம் கழிந்துவிடும். அங்கு முதல் தேவை பிரேக். பழைய டிரம் பிரேக்கை அப்படியே விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் பெரிதாக்குவதை எந்தத் தாயும் விரும்பமாட்டார்.

அமெரிக்காவில் 1960-களின் பெருங்கார்களைப் புதுப்பிப்போரிடமும் இதே வழக்கு உண்டு. அங்கும் "350" என்றொரு புகழ்பெற்ற ஷெவர்லே எஞ்சின் இருக்கிறது. அது கன அங்குலக் கணக்கு. நம் கணக்கில் 5,700 சி.சி.க்கும் மேல்! அதையே "சிறியது" என்கிறார்கள்.

சிலிண்டரை மாற்றினால் போதும் என்று நண்பர்கள் கூறுவதும் சரியன்று. 84 மி.மீ. சிலிண்டர் உட்காரும் அளவுக்கு கிராங்க் கேஸின் வாயையே குடைந்து பெரிதாக்க வேண்டும். பிறகு ஹெட், கார்புரேட்டர், கிளட்ச் என்று செலவு வளர்ந்துகொண்டே போகும். முழு எஞ்சினையே மாற்றினாலோ, எஞ்சின் எண் பதிவுச் சான்றிதழோடு ஒத்துப்போகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சான்றிதழிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. எஞ்சினை மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன்அனுமதி வேண்டும். அனுமதியின்றி மாற்றிவிட்டு விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் வழக்கு எழக்கூடும். அந்தச் சுமை குடும்பத்தின் தலையில் விழும்.

ஆகவே, இருக்கின்ற எஞ்சினையே இறக்கி, நல்ல லேத் பட்டறையில் சிலிண்டரை அளக்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் ரீபோர் செய்து, சற்றே பெரிய பிஸ்டன் போடலாம். 1 மி.மீ. கூட்டினாலே 346 சி.சி., 356 ஆகிவிடும். பெரிதாக்கும் ஆசைக்கு அவ்வளவு போதாதா? முன்பே பலமுறை குடைந்திருந்தால் ஸ்லீவ் அடித்துப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். கனெக்டிங் ராடின் அடிப்பக்கப் புஷ்ஷையும் ஆயில் பம்பையும் பார்க்காமல் எஞ்சினை மூடவிடாதீர்கள். பழைய புல்லட்டுகள் படுத்துவிடுவது பெரும்பாலும் எண்ணெய் சரிவரப் போகாததால்தான்.

மீதமாகும் பணத்தில் பிரேக் ஷூ, டிரம், கேபிள், டயர், வயரிங் ஆகியவற்றை மாற்றுங்கள். பதிவுச் சான்றிதழ் இன்னும் வாப்பாவின் பெயரில்தான் இருக்குமானால், வாரிசு முறையில் பெயர் மாற்றுவதும் அதன் செல்லுபடிக் காலத்தைப் பார்த்துப் புதுப்பிப்பதும் பட்டறைக்குப் போகும் முன்பே முடிய வேண்டிய காரியங்கள்.