சூடேறிய பின் நடக்கும் சோதனையே சோதனை

நினைவகத்தை அதன் தரநிர்ணய வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கிங் பணியில், கணினி பூட் ஆகி மெம்டெஸ்ட்86 என்ற நினைவகச் சோதனை ஒரு சுற்றைப் பிழையின்றி முடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று கைகழுவும் வழக்கம் இன்னும் நீடிக்கிறது. அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் பற்றி ஓயாமல் வாதிடுவோர், அந்தச் சோதனை எந்த வெப்பநிலையில் நடந்தது என்று கேட்பது அரிது.

டிராம் நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக நிற்கிறது; அது கசிந்துகொண்டே இருப்பதால், நினைவகக் கட்டுப்படுத்தி குறித்த இடைவெளியில் அதைப் புதுப்பித்தாக வேண்டும். டிஆர்இஎஃப்ஐ எனப்படும் இந்த இடைவெளி, நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின்படி டிடிஆர்5 நினைவகத்துக்குச் சராசரியாக 3.9 மைக்ரோநொடி; சூடேறினால் கசிவு விரைவதால், 85 டிகிரி செல்சியசுக்கு மேல் அது பாதியாக வேண்டும். டிடிஆர்5-6000 வேகத்தில் 3.9 மைக்ரோநொடி என்பது 11,700 கடிகாரச் சுழற்சிகள். ஆனால் பயாஸில் பலர் 65,535 என்று இட்டுவிடுகின்றனர். அதாவது இடைவெளி ஐந்தரை மடங்குக்கு மேல் நீள்கிறது. புதுப்பிப்பு நடக்கும் நேரத்தில் தரவு பெற இயலாது என்பதால், புதுப்பிப்புகளைக் குறைப்பது வேகத்தைக் கூட்டுகிறது. கூடுதல் மின்னழுத்தமும் கேட்பதில்லை. இந்த இலவசத்தின் விலை வெயிலில்தான் தெரியும்.

திறந்த மேசையில், மின்விசிறிக் காற்றில் நாற்பது டிகிரியில் தேறிய அமைப்பு, மூடிய கேபினெட்டுக்குள் கிராபிக்ஸ் கார்டின் அனல் மேலே எழும்போது தடுமாறுகிறது. டிடிஆர்5 மாடியூலில் மின்மேலாண்மைச் சில்லும் அதே பலகையில் அமர்ந்திருப்பதால் வெப்பம் இன்னும் கூடுகிறது. விளைவு எப்போதும் நீலத்திரையாக வருவதில்லை. விரிக்க மறுக்கும் ஒரு ஜிப் கோப்பாக, சில வாரங்கள் கழித்தும் வரலாம்.

டிடிஆர்5 சில்லுக்குள்ளேயே பிழைதிருத்தம் இருக்கிறதே என்ற ஆறுதலும் அரைகுறையானது. அது சில்லுக்குள் நேரும் ஒற்றை பிட் பிழையைத் திருத்துமே தவிர, சில்லுக்கும் பிராசசருக்கும் இடையிலான தடத்தில் நேரும் பிழையைக் காணாது.

ஆகவே, கேபினெட்டை மூடி, கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒருசேரச் சுமை கொடுத்து, டெஸ்ட்மெம்5 போன்ற கருவியைச் சில மணிநேரம் ஓட்டுவதும், மாடியூலின் உணரி காட்டும் உச்ச வெப்பநிலையை ஒப்படைப்புத் தாளில் குறிப்பதும் வழக்கமாக வேண்டும். ஒவ்வொரு முழுத் தொடக்கத்திலும் மெமரி டிரெய்னிங், அதாவது சமிக்ஞை நேரங்களைக் கணினி தானே சரிசெய்துகொள்ளும் படி, சற்று வேறாக அமையக்கூடும் என்பதால், மின்சாரத்தைத் துண்டித்து ஆறவிட்டுச் சோதனையைத் திரும்ப நடத்துவதும் தேவை. தரவுள்ள வட்டை அதுவரை இணைக்காதிருப்பது நல்லது. பிழை சூடேறிய பின் மட்டும் தோன்றுமானால், மாடியூலை மேலும் சூடாக்கும் மின்னழுத்த உயர்வை நாடாமல், முதலில் டிஆர்இஎஃப்ஐ மதிப்பைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.