‘போதும்’ என்றால் கையை எடுங்கள்

குழந்தையை மடியில் கிடத்தி விலாவிலும் அக்குளிலும் கிச்சுகிச்சு மூட்டாத வீடு அநேகமாக இருக்காது. குழந்தை நெளியும், கையைத் தட்டிவிடும், மூச்சு வாங்க “விடுங்க, விடுங்க” என்று கத்தும். சிரித்துக்கொண்டே கத்துவதால் அந்த “விடுங்க” யார் காதிலும் ஏறுவதில்லை. சுற்றி நிற்பவர்களுக்கும் அது வேடிக்கைதான். இந்தச் சிரிப்பை மகிழ்ச்சிக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது, குழந்தை போதும் என்றவுடன் கையை எடுத்துவிட வேண்டும் என்பது என் வாதம். கொஞ்சுவதற்குக்கூடச் சட்டமா என்று எரிச்சல்படுபவர்கள், அந்தச் சிரிப்பு எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கிளாரன்ஸ் லூபா என்ற அமெரிக்க உளவியலாளர் 1930களில் தம் பிள்ளைகளிடமே ஒரு சோதனை நடத்தினார். பெரியவர்கள் சிரிப்பதைப் பார்த்துத்தான் குழந்தையும் சிரிக்கப் பழகுகிறதா என்று அறிவது நோக்கம். கிச்சுகிச்சு மூட்டும்போது முகத்தை அட்டையால் மறைத்துக்கொள்வார், தாம் சிரிக்க மாட்டார், வீட்டில் வேறு யாரும் சிரித்தபடி மூட்டவும் கூடாது. (அந்த வீட்டம்மாவின் பொறுமையைத்தான் முதலில் பாராட்ட வேண்டும்.) இத்தனைக்குப் பிறகும், சுமார் ஏழு மாதத்தில் குழந்தை சிரித்தது. 1941இல் அவர் வெளியிட்ட முடிவு, இந்தச் சிரிப்பு யாரும் கற்றுத்தந்து வருவதில்லை என்பதே. கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் கிறிஸ்டின் ஹாரிஸும் நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்டும் 1999இல் இன்னும் ஒரு படி போனார்கள். மாணவர்களின் கண்ணைக் கட்டி, உள்ளங்காலில் ஒருமுறை மனிதர் மூட்டுவார், ஒருமுறை இயந்திரம் மூட்டும் என்று சொல்லிவைத்தார்கள். உண்மையில் இரண்டு முறையும் மூட்டியவர் மேசைக்கடியில் ஒளிந்திருந்த உதவியாளர். இயந்திரம் என்று நம்பியபோதும் மாணவர்கள் அதே அளவு சிரித்தார்கள். மூட்டுபவர் மீது பாசம் இல்லாமலேயே, ஏன், மூட்டுவது ஆள் என்ற எண்ணமே இல்லாமலும் வந்துவிடும் சிரிப்பு இது. தும்மலைப் போல உடம்பு தானாகச் செய்யும் காரியம் என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. ஹாரிஸ் பின்னர் இன்னொரு ஆய்வில், கிச்சுகிச்சுக்கு ஆளானவர்களின் முகத்தைக் கூர்ந்து கவனித்தபோது, புன்னகையோடு வலியிலும் வெறுப்பிலும் தோன்றும் முகச்சுளிப்பும் சேர்ந்தே தெரிந்தது.

நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். காரணத்தை லண்டனில் சாரா ஜெய்ன் பிளேக்மோரும் அவருடைய சகாக்களும் 1998இல் மூளைப் படங்களின் மூலம் காட்டினார்கள். நம் கை அசையும்போது அதனால் என்ன உணர்ச்சி வரும் என்பதைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. கணித்தபடியே வரும் தொடுகை மங்கிப்போகிறது. ஒருவர் இடக்கையை அசைக்க, ஓர் இயந்திரக் கை அதே அசைவில் பஞ்சால் அவருடைய வலது உள்ளங்கையை வருடும்படியும் வைத்துப் பார்த்தார்கள். அசைவுக்கும் வருடலுக்கும் இடையே ஐந்தில் ஒரு நொடி தாமதம் வைத்தாலே போதும், கூச்சம் கூடிவிட்டது. அதாவது, அடுத்து என்ன நடக்கும் என்பது நம் கையில் இல்லாதபோதுதான் கிச்சுகிச்சுக்கு வலு. பெரியவரின் பிடியிலிருந்து திமிற முடியாத மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த வலு எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு: குழந்தைகளே வந்து “இன்னொரு தடவை” என்று கேட்கிறார்களே? கேட்கிறார்கள், மறுப்பதற்கில்லை. எலிகள்கூடக் கேட்கின்றன. பெர்லினில் இஷியாமாவும் பிரெக்டும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், கிச்சுகிச்சு மூட்டிய கையை எலிகள் துரத்திக்கொண்டு ஓடின. மனிதக் காதுக்கு எட்டாத உச்சஸ்தாயியில் குரலும் எழுப்பின. அதே எலிகளை உயரமான மேடையில், கண் கூசும் வெளிச்சத்தில் நிறுத்தி மூட்டியபோது அந்தக் குரல் பெருமளவு அடங்கிவிட்டது. மனநிலை சரியாக இருந்தால்தான் இது விளையாட்டு என்பதை டார்வினும் 1872லேயே எழுதியிருக்கிறார். முன்பின் தெரியாத ஆள் மூட்டினால் குழந்தை பயந்து அலறும் என்பது அவர் தந்த உதாரணம். ஆகவே குழந்தை கேட்பதும், கேட்காதபோது அமுக்கிப் பிடித்து மூட்டுவதும் ஒன்றாகாது. நிறுத்திப் பார்த்தால்தானே அது மறுபடி கேட்கிறதா என்பது தெரியும்? நம் பாட்டிமார் விளையாடும் ‘நண்டூருது நரியூருது’ இதில் எனக்கு உயர்வாகப் படுகிறது. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல்கள் மெல்ல மெல்ல அக்குளை நோக்கி ஏறும்வரை குழந்தைக்குக் காத்திருக்க நேரம் இருக்கிறது. பிடிக்காவிட்டால் கையை இழுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

பேச்சு வராத கைக்குழந்தை எப்படிப் ‘போதும்’ சொல்லும் என்று கேட்கலாம். முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உடம்பை விறைக்கும், கையைத் தள்ளும். இவற்றில் ஒன்று தெரிந்தாலே நிறுத்திவிடலாம். பாசத்தைக் குற்றமாக்குவதாகவும் சிலர் வருந்தக்கூடும். கொஞ்ச வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பள்ளியில் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று பாடம் நடத்துகிறோம். பிடிக்கவில்லை என்றால் “வேண்டாம்” என்று சத்தமாகச் சொல் என்கிறோம். அதே பிள்ளை மாலையில் வீட்டுக்கு வந்து சொல்லும் ‘வேண்டாம்’ கூடத்திலேயே செல்லுபடியாகாவிட்டால், வெளியாளிடம் அதைச் சொல்ல அதற்கு எங்கிருந்து தைரியம் வரும்? இதைக் குழந்தையே உறவினரிடம் சொல்லிச் சமாளிக்கட்டும் என்று விடவும் முடியாது. பக்கத்தில் இருக்கும் அப்பாவோ அம்மாவோதான் வாய் திறக்க வேண்டும். “விடுங்க மாமா, போதும்னு சொல்றான்ல” என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அதற்காக எந்த மாமாவும் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போய்விட மாட்டார்.