பல்புக்கும் ஞாபகம் உண்டு!

ரெஸிஸ்டர், கண்டென்ஸர், காயில் ஆகிய மூன்றையும் ரேடியோ பழுது பார்ப்பவர் எல்லோரும் அறிவார்கள். நான்காவதாக ஓர் உறுப்பும் இருந்தாக வேண்டும் என்று 1971-ல் கணக்குப் போட்டுச் சொன்னார் பேராசிரியர் லியோன் சுவா. அதற்கு அவர் வைத்த பெயர் மெம்ரிஸ்டர். தன் வழியே எவ்வளவு மின்சாரம் போயிற்று என்பதை நினைவில் வைத்து, அதற்கேற்பத் தன் தடையை மாற்றிக்கொள்ளும் சாமான் அது. 2008-ல் அமெரிக்காவின் ஹியூலட் பாக்கார்ட் ஆய்வுக்கூடத்தார், டைட்டானியம் டை ஆக்ஸைடில் அதைக் கண்டுவிட்டதாக அறிவித்தார்கள்.

அதன் பிறகு மெம்ரிஸ்டரை வைத்து ஆஸிலேட்டர் கட்டுவதில் ஒரே மோகம்! காயில் ஒன்று, கண்டென்ஸர் ஒன்று, மெம்ரிஸ்டர் ஒன்று. இந்த மூன்றைக் கொண்டே, வந்த வடிவம் மறுபடி வராத தாறுமாறான அலைகளை எழுப்பலாம் என்று 2010-ல் சுவா குழுவினர் காட்டினார்கள். விந்தைதான். ஆனால் மேஜைமேல் இருந்தது மெம்ரிஸ்டர் அல்ல. ஆப்-ஆம்ப்களும் பெருக்கல் சில்லுகளும் கூடி அந்த வேஷத்தைப் போட்டன. அவர்கள் இதை மறைக்கவில்லை. பின்னால் வந்த பல கட்டுரைகளின் தலைப்பிலோ, ராஜா வேஷம் போட்டவரே ராஜா ஆகிவிட்டார்! ஒரே உறுப்பு போதும் என்பதுதானே மெம்ரிஸ்டரின் பெருமை? அதற்காகப் பத்து உறுப்புகளைக் கூட்டுவானேன்? 'போலி மெம்ரிஸ்டர்' என்று தலைப்பிலேயே போடட்டும் என்பது நமது அபிப்பிராயம்.

கல்லூரி மாணவர்கள் முதலில் ஒரு பல்பை எடுத்துக்கொள்ளலாம். 1939-ல் வில்லியம் ஹியூலட் அதைத்தான் செய்தார். அவருடைய ஆஸிலேட்டரில் பெருக்கம் சரியாக 3 மடங்கு இருக்க வேண்டும். குறைந்தால் அலை செத்துப்போகும். கூடினால் அலையின் தலை வெட்டுப்படும். ஹியூலட் ஒரு சின்ன பல்பை நடுவில் மாட்டினார். அலை பெருத்தால் இழை சூடேறும், தடை கூடும், பெருக்கம் தானாகக் குறையும். அந்தச் சூடு உடனே ஆறுவதில்லை. அதுவே பல்பின் ஞாபகம். வால்ட் டிஸ்னி கம்பெனி 'பாண்டேஷியா' படத்தின் ஒலிக்காக இந்த வகைக் கருவிகள் எட்டை வாங்கியது.

பல்பு அசல் மெம்ரிஸ்டர் ஆகாது. அது சூட்டைத்தான் கணக்கு வைக்கிறது, அணைத்தால் மறந்துவிடும். ஆயினும் 1976-ல் சுவாவும் காங்கும் இலக்கணத்தை விரித்தபோது, சூட்டால் தடை மாறும் தெர்மிஸ்டரும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தது. அப்படியானால் பல்பும் பங்காளிதான். 2008-ல் முரசறைந்த கம்பெனி, தன் முதல் சரக்கிலேயே அந்தப் பங்காளியை விற்றிருக்கிறது!

மாணவர் வாங்க வேண்டியது டங்ஸ்டன் இழை பல்பு, எல்.இ.டி. உதவாது. அலையின் வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே போகட்டும். ஓரிடத்தில் இழை ஒவ்வோர் அலைக்கும் சூடேறி ஆறத் தொடங்கும். அலையின் வடிவம் கோணும். பல்பின் ஞாபகம் எத்தனை நேரம் நிற்கிறது என்பதை அங்கே அளந்துகொள்ளலாம்.