புகைக்குத் தப்பிய கொசு

சென்ற மாதம் எங்கள் புளோக்கில் கொசு மருந்துப் புகை அடித்தார்கள். சன்னல்களைச் சாத்திய பாட்டி, "இனி டெங்கி பயமில்லை" என்றார். இரண்டே நாளில் சமையலறையில் மீண்டும் கொசு! உயிரியல் படிக்கும் எனக்கு அது ஏன் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

இத்தகைய புகையிலும் வீட்டுத் தெளிப்பான்களிலும் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. கொசுவின் நரம்பணுக்களில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களை அது மூடவிடாது. நரம்பு ஓயாமல் துடிக்க, கொசு முடங்கி விழும்.

ஆனால், சில கொசுக்களின் உடலில் சைட்டோகுரோம் பி450 என்ற நொதிகள் அதிகமாக உற்பத்தியாகின்றன. நாம் விழுங்கும் மாத்திரையை நம் கல்லீரல் சிதைப்பதுபோல, இவை நஞ்சு நரம்பைத் தாக்குமுன் அதைச் சிதைத்துவிடுகின்றன. வேறு சில கொசுக்களில் அந்த வாயிலின் அமைப்பே மரபணு மாற்றத்தால் மாறியிருப்பதால், மருந்து அங்கே சரியாக ஒட்டுவதில்லை. சிங்கப்பூர், மலேசியா இரண்டிலும் ஏடிஸ் கொசுக்களிடம் பைரித்ராய்டு எதிர்ப்பாற்றல் கண்டறியப்பட்டுள்ளது.

கொசு இதைக் கற்றுக்கொள்வதில்லை. நாம்தான் தேர்ந்தெடுத்துத் தருகிறோம். ஒவ்வொரு முறை மருந்தடிக்கும்போதும் பலவீனமானவை சாகின்றன, தப்பியவை முட்டையிடுகின்றன. மாலைதோறும் அறையில் மருந்தடிக்கும் பழக்கமும் இந்தத் தேர்வுக்குத் துணைபோகிறது.

2020இல் சிங்கப்பூரில் 35,000க்கும் அதிகமானோர் டெங்கியால் பாதிக்கப்பட்டனர். அதனால் நோய் பரவும்போது மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை மட்டும் நம்பியிருப்பதுதான் ஆபத்து. தேசிய சுற்றுப்புற வாரியம் 2016 முதல் வோல்பாக்கியா கிருமி கொண்ட ஆண் கொசுக்களை வெளியில் விட்டுச் சோதித்து வருகிறது. அவற்றுடன் இணையும் பெண் கொசுக்களின் முட்டைகள் பொரிப்பதில்லை. நஞ்சைச் சிதைக்கும் நொதிக்கு அங்கே வேலையே இல்லை.

எங்கள் சமையலறைக் கொசு மருந்தை வென்றதா, புகைக்குப் பிறகு பிறந்ததா? சொல்ல முடியாது. பறக்கும் கொசுவைக் கொல்லும் புகை, தண்ணீருக்குள் இருக்கும் புழுவைத் தொடுவதில்லை. அன்று மாலை பாட்டியின் துளசித் தொட்டிக்கு அடியிலிருந்த தட்டை எடுத்துப் பார்த்தேன். தேங்கிய நீரில் நான்கைந்து கொசுப்புழுக்கள் நெளிந்தன. தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினேன். எந்தக் கொசுவாலும் இதற்கு எதிர்ப்பாற்றல் பெற முடியாது.