நோவுக்குப் பெயர் வேண்டும்

திங்கள்தோறும் வயிற்று நோவால் துடிக்கும் பெண்ணிடம், 'பெண்ணாய்ப் பிறந்தார்க்கு இஃது உள்ளதுதான்' என்று தகடூர் மண்ணிலும் சொல்லிவிடுகின்றனர். அச்சொல்லே முதற்பகை.

கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம், கருப்பைக்கு வெளியே சூலகத்திலும் வயிற்றறையிலும் வளர்ந்து அழற்சியும் வடுவும் உண்டாக்கும் நோயொன்று உண்டு. மேலை மருத்துவர் எண்டோமெட்ரியோசிசு என்பர். தமிழில் இடமகல் கருப்பை அகப்படலம். பெயர் நீளம் என்பார் உளர். அவர்தம் ஆங்கிலப் பெயர் குறுகியதோ? கருவுறும் அகவைப் பெண்களில் நூற்றுக்குப் பதின்மர், ஏறத்தாழ 19 கோடிப்பேர், இதனால் வாடுவதாக உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது.

திங்கட்குருதி கருக்குழாய் வழியே பின்னோக்கிப் பாய்வதால் இந்நோய் வருவதென அமெரிக்க மருத்துவர் சாம்ப்சன் 1927இல் விளக்கினார். அப்பாய்ச்சல் மிகப் பலர்க்கும் நிகழ, சிலர்க்கே நோயாவது ஏன் என்பதை இன்றும் ஆய்கின்றனர். முற்றாய்த் தீர்க்கும் மருந்தில்லை. ஆயினும் இயக்குநீர் வில்லைகளாலும் நுண்துளை அறுவையாலும் நோவைத் தணிக்கலாம்.

தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. பென்னாகரத்து மகள் அங்குச் சென்று எச்சொல்லால் தன் நோவை உரைப்பாள்? 'பள்ளிக்கோ வயலுக்கோ போகவொட்டாத திங்கள் நோவு இயல்பன்று. மருத்துவரிடம் வருக' என ஊர்தோறும் துணை நலவாழ்வு நிலையச் சுவர்களில் தமிழில் எழுதட்டும் அரசு. சுண்ணாம்பும் மையுமே செலவு.